அருந்ததிக்குப் பக்கத்தில் ஒரு விசித்திரம்



கல்யாண வீட்டில் மணமகளுக்கு அருந்ததி காட்டுவார்கள். பகல் முகூர்த்தமானால் வெறும் வானத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசியில் இரவு ஒன்பது மணிவாக்கில் வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலம் நன்றாகத் தெரியும். அதன் ஏழு நட்சத்திரங்களில் நான்கு சதுரமாக நிற்க, மீதி மூன்று வாலாக நீளும். வாலின் நடுவில் வசிட்டர், அவரை ஒட்டி மங்கலாக அருந்ததி. வசிட்டருக்கும் சதுரத்துக்கும் இடையே இருப்பவர் அங்கிரசர். ஏழு பேரில் மிகவும் பிரகாசமானவர் அவரே. வானியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் அலியாத். நம்மிடமிருந்து சுமார் 83 ஒளியாண்டு தூரம். சூரியனைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு ஒளி.

இந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் குரோமியத்தின் கோடுகள் தூக்கலாகத் தெரிகின்றன. எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிக்காமல் காக்கும் அதே குரோமியம்தான். அந்தக் கோடுகள் ஒரே சீராகவும் இல்லை. வலுத்து, மெலிந்து, சுமார் 5.1 நாளுக்கு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்புகின்றன. பிரகாசமும் கூடவே துளி ஏறி இறங்குகிறது. நம் கண்ணுக்கு அது பிடிபடாது, ஒளிமானி வேண்டும். குரோமியம் மேற்பரப்பில் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கிறது. நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றச் சுற்ற, அந்தத் திட்டுகள் நம் பக்கம் வந்து போகின்றன.

அவ்வளவு குரோமியம் எப்படி வந்தது? 1970இல் கனடாவின் வானியற்பியலாளர் ஜார்ஜ் மிஷோ சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. இது அமைதியான நட்சத்திரம். மேலடுக்கில் கொதிப்பும் புரட்டலும் குறைவு. காந்தப்புலம் வாயுக்களை இன்னும் அடக்கி வைக்கிறது. அசையாத பாலில் ஆடை மேலே திரள்வதுபோல் இங்கே தனிமங்கள் பிரிகின்றன. உள்ளிருந்து பாயும் ஒளியை அதிகம் விழுங்கும் அணுக்களை அந்த ஒளியே மேலே தள்ளுகிறது. ஹீலியம் போன்றவை கீழே இறங்குகின்றன. ஆக, குரோமியம் மிகுந்திருப்பது மேல்தோலில் மட்டும்தான்.

இதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. சப்தரிஷிகளில் ஐவர், சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மேகத்தில் பிறந்தவர்கள். அங்கிரசரும், அடுத்து மங்கலாகத் தெரியும் அத்திரியும் அதில் அடக்கம். பிறந்த மூலப்பொருள் ஒன்றே. ஆனாலும் அத்திரியிடம் இந்த விசித்திரம் இல்லை. அவர் ஒரு நாளுக்குள்ளேயே ஒரு சுற்று முடித்துவிடுகிறார். அந்த வேகத்தில் மேலடுக்கு கலங்கிக்கொண்டே இருப்பதால், தனிமங்கள் பிரிந்து ஒதுங்க வழியில்லை.