தள்ளிவைத்த மணமும் கொடுக்க வேண்டிய பணமும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



2020 மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. வைகாசியில் நிச்சயித்திருந்த என் தமக்கையாரின் திருமணத்தை ஆவணிக்குத் தள்ளிவைத்தோம். சில நாட்களுக்குள் மண்டபத்தார், சமையற்காரர், அச்சகத்தார் யாவரும் மீதிப் பணம் கேட்டனர்.

“ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்” என்றேன் நான். “கேட்டதைக் கொடுத்து மானத்தைக் காப்போம்” என்றார் அம்மா. ஐயாவோ பற்றுச்சீட்டுகளை மேசையிற் பரப்பி மூன்று கேள்விகள் கேட்டார்: வேலை முடிந்ததா? அவர்கள் கைப்பணம் செலவாயிற்றா? எழுதிய நிபந்தனை என்ன?

அழைப்பிதழ் அச்சாகியிருந்தது, முழுப்பணமும் கொடுத்தோம். சமையற்காரர் அரிசிகூட வாங்கவில்லை. அச்சாரத்தைப் புதிய நாளுக்கு வைத்துக்கொள்ள இசைந்தார். மண்டபத்தார் முழு வாடகையும் கேட்டனர். எவர் குற்றமுமின்றி நிறைவேற்ற இயலாது போன கடமைக்கு, நம் நாட்டில் வழங்கும் உரோமன்-டச்சுச் சட்டம் பொதுவாக எவரையும் பொறுப்பாக்குவதில்லை. ஆனால் நாமாக நாளை மாற்றினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நாங்களோ முகூர்த்தநாள் வருமுன்பே மாற்றியவர்கள். ஆகவே வழக்குப் பேசாமல் வேறு நாள் கேட்டு எழுதினோம். ஆவணி நாளை எழுத்தில் வாங்கினோம்.

மேளகாரர் ஒன்றுமே கேட்கவில்லை. எழுத்துமில்லை; வாய்ச்சொல் மட்டுமே. திருவிழாக்களும் நின்றுபோன காலம். ஐயா தாமாகச் சென்று பாதிப்பணம் கொடுத்தார். அன்று நான் நாணினேன்.

இளைஞர்களே! கேட்கும் தொகையெல்லாம் கடனன்று, கேட்பவரெல்லாம் பகைவருமல்லர். கேளாதவரையும் மறவாதீர்கள்.