நம் நீலத்துணி போன நாடு



இந்தக் கருத்தரங்கின் அழைப்பிதழைப் பார்த்த பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: மொரித்தானியாவுக்கும் லாஸ்பேட்டைக்கும் என்ன தொடர்பு? பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, அதில் பெரும்பகுதி சகாரா மணல், ஏறத்தாழ ஐம்பது லட்சம் மக்கள். அப்படியொரு நாட்டைப் பற்றி இரண்டு நாள் பேசப் புதுச்சேரியில் என்ன இருக்கிறது? இருக்கிறது. இருநூறு ஆண்டுகளாக அந்தப் பாலைநில மக்கள் விரும்பி உடுத்திய நீலத்துணி இந்த ஊரிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் போனது. நம் பாடநூல்களில் இது ஒரு வரியாகக்கூட இல்லை என்ற வருத்தத்தோடுதான் இந்தத் தலைமை உரையைத் தொடங்குகிறேன்.

நாம் கூடியிருக்கும் லாஸ்பேட்டை, பிரெஞ்சு ஆளுநர் ழான் லா தெ லோரிஸ்தானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரியை 1765 முதல் மீண்டும் எழுப்பியவர் அவர். அவருடைய பெரியப்பா ஜான் லா, பிரான்சின் நிதியமைப்பையே தன் கையில் எடுத்துக்கொண்ட ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய வணிகக் கழகம் 1718-இல் செனகல் கழகத்தை வாங்கியது. 1719-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கழகத்தையும் சேர்த்துக்கொண்டது. அன்றுமுதல் செனகல் ஆற்றின் கணக்கும் புதுச்சேரியின் கணக்கும் ஒரே பேரேட்டில் ஏறின. போரிலும் அப்படித்தான். ஏழாண்டுப் போரில் செனகல் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த சேன்-லூயி கோட்டை 1758-இல் விழுந்தது, புதுச்சேரி 1761-இல் விழுந்தது. நெப்போலியன் போர்கள் ஓய்ந்த பிறகு புதுச்சேரி 1816 கடைசியிலும், சேன்-லூயி சில வாரம் கழித்து 1817 தொடக்கத்திலும் பிரான்சுக்குத் திரும்பின. சேன்-லூயியைப் பொறுப்பேற்கப் போன ‘மெதூஸ்’ கப்பல் 1816 ஜூலையில் தரைதட்டியது மொரித்தானியக் கடலின் அர்கேன் மணல்திட்டில்தான். அந்த விபத்தில் தப்பியோர் ஏறிய தெப்பத்தை ஜெரிக்கோ வரைந்த ஓவியத்தை உலகம் அறியும். அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் யார் என்று கேட்டவர்கள் குறைவு.

ஐரோப்பியர்களுக்கு அந்தக் கரையில் என்ன வேலை? பிசின். சகாராவின் தென்விளிம்பில் வளரும், நம் வேலமரத்துக்கு இனமான ஒரு முள்மரம், வறண்ட காற்றில் பட்டை வெடித்துப் பிசின் வடிக்கும். ஐரோப்பாவின் அச்சுத்துணி ஆலைகளுக்குச் சாயம் பரவாமல் நிற்கவும், பட்டுக்கு மெருகேறவும் அந்தப் பிசின் வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் அந்தக் கரையின் அர்கேனிலும் போர்த்தாந்திக்கிலும் இதற்காகவே மோதிக்கொண்டார்கள். ஆனால் பிசின் திரார்சா, பிராக்னா என்னும் மூர் நாடுகளின் அமீர்களின் பிடியில் இருந்தது. அவர்கள் அதற்கு மாற்றாகக் கேட்ட பண்டங்களில் முதன்மையானது, பிரெஞ்சு ஆவணங்கள் ‘கினே’ என்று எழுதும் நம் நீலத்துணி.

அந்தத் துணி உருவான விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவுரிச் செடியை ஊறவைத்துக் கலக்கி எடுத்த நீலக்கட்டியை அப்படியே நீரில் கரைத்தால் துணியில் பிடிக்காது. தகரை விதையை வேகவைத்து ஊற்றி, சுண்ணாம்பும் உவர்மண் நீரும் சேர்த்துத் தாழியைப் புளிக்கவிட வேண்டும். புளித்த தாழியில் நீர் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். துணியை முக்கி வெளியே எடுத்துக் காற்றுப் பட்ட பிறகுதான் நீலம் எழும். கறுப்புக்கு நெருங்கிய நீலம் வர மீண்டும் மீண்டும் முக்கி உலர்த்த வேண்டும். தாழி எப்போது பதமாகிறது என்பதை மணத்தாலும் நுரையாலும் சாயக்காரர் சொன்னார். ஆனந்தரங்கப் பிள்ளையை நாம் நாட்குறிப்பாளராகக் கொண்டாடுகிறோம். லெனுவார் ஆளுநராயிருந்தபோது பரங்கிப்பேட்டைச் சாவடியில் துணி நெய்வித்துச் சாயமேற்றி அனுப்பும் பொறுப்பு அவரிடம் இருந்ததை அதிகம் பேசுவதில்லை. அவரே வாணிகத்தில் ஊறியவர். அவர் குறிப்புகளைத் துணிக்காக ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்க யாரேனும் முன்வர வேண்டும்.

துணி நேராக ஆப்பிரிக்கா போகவில்லை. பிரான்சின் துறைமுகங்களில் இறங்கி, போர்தோ வணிகர்கள் கைமாறி, சேன்-லூயி வழியாக ஆற்றங்கரைச் சந்தைகளுக்குப் போனது. அங்கே பாலைநில வணிகர் துணியைத் தொட்டுப் பார்த்தார், மினுக்கம் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அவுரித்தாழியின் மணம் அவருக்கு அத்துப்படி. உடுத்தினால் நீலம் தோலில் ஏற வேண்டும், அதுவே நல்ல துணிக்கு அடையாளம். பிரான்சின் ருவான் நகர ஆலைகள் மலிவான போலிகளை நெய்து அனுப்பின. அவற்றை அந்த மக்கள் ஒதுக்கினார்கள். ஒரு துண்டு கினே என்பது நாணயமாகவே புழங்கியது; பிசின் விலையும் அமீர்களுக்குக் கட்டிய வரியும் அதில்தான் கணக்கிடப்பட்டன. தரம் குறைந்தால் நாணயமே குலையும் என்பதால் 1840-களில் பிரெஞ்சு அரசு நீளம், எடை, சாயம் எல்லாவற்றுக்கும் விதி வகுத்து, புதுச்சேரியில் சோதித்து முத்திரையிடச் செய்தது. மூர் இன வணிகரின் மூக்குக்குப் பாரிஸ் அரசு பணிந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன். வாங்குபவர் ஆப்பிரிக்கர், செய்பவர் தமிழர். தரத்தை முடிவு செய்தவர்கள் இந்த இருவருமே.

1820-களின் இறுதியில் தொடங்கிய சவானா ஆலையும், பிறகு வந்த கெப்லே, ரோடியர் ஆலைகளும் இந்தச் சந்தையையும் நம்பி வளர்ந்தவை. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பன்னிரண்டு தொழிலாளர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அந்த ஆலைத் தறிகளின் துணி எந்த மக்களை உடுத்தியது என்பதும் அந்த நினைவில் சேர வேண்டும்.

இப்போது கசப்பான பக்கம். பிசினைச் சேகரித்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். நம் துணி பிசினுக்கு மட்டும் விலையாகவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கவும் இந்தியத் துணிகள் விலையாயின. நெய்தவர்க்கு அது தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும். இந்த உறவைப் பெருமையாக மட்டும் பேசிவிட்டுக் கலைந்தால் நாம் ஆய்வாளர்கள் அல்ல. மொரித்தானியா 1981-இல்தான் சட்டப்படி அடிமைமுறையை ஒழித்தது, 2007-இல்தான் அதைக் குற்றமாக்கியது. அடிமை வழியினரான ஹராத்தின் மக்களின் போராட்டம் இன்றும் ஓயவில்லை. அவர்களின் குரலான பிராம் தா அபைத் 2019, 2024 அதிபர் தேர்தல்கள் இரண்டிலும் இரண்டாமிடம் பெற்றார். சாதியைப் பற்றி நூறாண்டாக எழுதிவரும் தமிழ்ச் சமூகத்துக்கு அங்கே கற்கவும் சொல்லவும் நிறைய உண்டு. நாளைய அரசியல் அமர்வில் ராணுவப் புரட்சிகளின் பட்டியலைவிட இதற்குக் கூடுதல் நேரம் கேட்கிறேன். 1960 நவம்பர் 28-இல் விடுதலை, மொக்தார் உல்த் தாத்தா முதல் அதிபர், 1978-இல் ராணுவம், 2019-இல் தேர்தல் வழியே ஆட்சி மாற்றம்: இவற்றை எந்த நூலிலும் பார்த்துக்கொள்ளலாம்.

பண்பாட்டு அமர்வுக்கு ஒரு வேண்டுகோள். ஷிங்கெத்தி ஊரில் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கையெழுத்துப் பிரதிகளை நம் ஏட்டுச்சுவடிகளோடு வைத்துப் பேசுங்கள். அங்கே மணலும் இங்கே கரையானும் செய்யும் வேலை ஒன்றே. விளையாட்டு பற்றிப் பேச வந்திருக்கும் இளைஞர்களுக்கும் என் வாழ்த்து. மொரித்தானியக் கால்பந்து அணி ‘முராபித்தூன்’, பதினோராம் நூற்றாண்டில் அந்தப் பாலையிலிருந்து கிளம்பி ஸ்பெயின் வரை ஆண்ட அல்முராவிதுகளின் பெயரைச் சூடியது. நெடுங்காலம் உலகத் தரப்பட்டியலின் அடியில் கிடந்து, 2019-இல் முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பைக்குள் நுழைந்து, 2024 ஜனவரியில் அல்ஜீரியாவை 1–0 என வென்றது. முகமது தெல்லாஹி யாலி அடித்த அந்த ஒரு கோல், தலைநகர் நுவாக்ஷோத்தின் தெருக்களுக்குத் திருவிழா.

கினே வணிகத்தின் வரலாற்றை அமெரிக்கரும் ஜப்பானியரும் சிறப்பாக எழுதியிருக்கிறார்கள். தமிழில் விரிவான ஒரு நூல் வேண்டும். இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுவைப் பதிவு மையம் இதே லாஸ்பேட்டையில், ஜீவானந்தபுரத்தில் இருக்கிறது. பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்க ஆவணங்கள் செனகலின் தாக்காரில் இருக்கின்றன. இரண்டையும் ஒருவரே படிக்கும் நிலை வர வேண்டும். அதற்குப் பிரெஞ்சும் அரபும் அறிந்த தமிழ் மாணவர்கள் வேண்டும்; அவர்களுக்கு உதவித்தொகை வேண்டும். முத்தியால்பேட்டை நெசவாளர் குடும்பங்களிலும் பழைய ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலும் தாத்தா பாட்டி சொன்னதை இப்போதே பதிவு செய்ய வேண்டும். 2020-இல் ரோடியர் ஆலையும் மூடப்பட்ட பிறகு அந்த நினைவுகள் விரைந்து மறைகின்றன. நூல், உதவித்தொகை, வாய்மொழிப் பதிவு ஆகிய இந்த மூன்றையும் நிறைவு நாளில் தீர்மானமாகக் கொண்டுவருமாறு ஒருங்கிணைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் அமர்வு பிசின் வணிகம் பற்றியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.