நீ முடியை அளக்கல பாப்பா, உன் கையை அளக்குற

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடைக் கேட்கறதுக்கு முன்னாடி வீட்டுல தையல் டேப் இருந்தா எடுத்து வச்சுக்கங்க. ஸ்டீல் ஸ்கேல் இருந்தா இன்னும் நல்லது. தலைமுடி பத்தித்தான் பேசப் போறோம். எந்த எண்ணெய் நல்லது, எந்த ஷாம்பு நல்லதுன்னு நான் சொல்லப் போறதில்லை. முடி வளருதா, எவ்வளவு வளருது, இதை வீட்டுலயே எப்படிச் சரியா அளக்கறது, அது மட்டும்தான்.

எனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சின்னு கேட்பீங்க. 2023 அக்டோபர்ல எனக்கு டெங்கு வந்தது. பத்து நாள் படுக்கை. அப்புறம் சரியாகி, வேலைக்கும் போக ஆரம்பிச்சுட்டேன். ஜனவரி முதல் வாரம் தலைக்குக் குளிச்சா, பாத்ரூம் ஜாலி முழுக்க முடி. சீப்புல முடி, தலையணையில முடி, லேப்டாப் கீபோர்டுல கூட முடி. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அம்மா பூ வச்சு விட்டாங்க. ஹேர்பின் நிக்கவே இல்லை, வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. அம்மா ஒண்ணும் சொல்லாம பூவை எடுத்து சாமி படத்துக்குப் போட்டுட்டாங்க. அவங்க ஏதாவது சொல்லியிருந்தா கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது.

என் ஊர் களம்பூர். ஆரணி பக்கம். ரயில்ல வந்தா ஸ்டேஷன் பேரு 'ஆரணி ரோடு'ன்னு இருக்கும், ஆனா இறங்குறது களம்பூர்ல. வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊர் பேரு அரிசி மூட்டையில பார்த்துத்தான் தெரியும். எங்க வீட்டுல அரிசி கிடையாது, தறி. அப்பா பட்டு நெய்யறவர். இந்தக் கதையில அவருக்கும் வேலை இருக்கு.

நாலு வாரம், நாலு அளவு

அந்த ஜனவரியில நான் பண்ண முதல் காரியம், வாரா வாரம் ஞாயித்துக்கிழமை முடி நீளத்தை அளந்து போன்ல எழுதி வைக்கறது. முதல் வாரம் 41 செ.மீ. அடுத்த வாரம் 42.5. எனக்குத் தலைகால் புரியல, அவ்வளவு சந்தோஷம். மூணாவது வாரம் 40.5. அன்னைக்கு அழுதுட்டேன். நாலாவது வாரம் 42.

யோசிச்சுப் பார்த்தா இதுல ஒரு கூத்து இருக்கு. முடி ஒரே வாரத்துல ஒன்றரை செ.மீ. வளராது. வளர்ந்தது ரெண்டு செ.மீ. உள்ள போகவும் போகாது. ஊர்ல இருந்தப்போ நான் அளக்கறதை அப்பா திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "ஏம்மா, போன வாரம் தலை காஞ்சிருந்துச்சு, இன்னைக்கு ஈரமா இருக்கு. அன்னைக்கு இழுத்துப் புடிச்ச, இன்னைக்கு தொளதொளன்னு புடிக்கிற. நீ முடியை அளக்கல பாப்பா, உன் கையை அளக்குற."

தெருவுல பாவு இழுத்துக் கட்டுறதைப் பார்த்திருக்கீங்களா? காலையில எங்க பக்கம் தெரு நீளத்துக்கு இழையைக் கட்டி வச்சிருப்பாங்க. எல்லா இழையும் ஒரே இழுப்புல இருக்கணும். சேலையும் அப்படித்தான். தறியில விறைப்பா இருக்கும்போது ஒரு நீளம், அறுத்து எடுத்த பிறகு கொஞ்சம் குறைஞ்ச நீளம். இழுப்பு மாறினா அளவு மாறும்னு நெசவுக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முடியும் இழைதான். ஈரமா இருந்தா இன்னும் அதிகமா இழுபடும். சுருட்டை முடின்னா கேட்கவே வேண்டாம், ஈரத்துல ஒரு நீளம், காஞ்ச பிறகு அதுல பாதிதான் கண்ணுக்குத் தெரியும்.

கணக்கு ரொம்பச் சின்னது

தலைமுடி சராசரியா ஒரு நாளைக்கு 0.35 மில்லிமீட்டர் வளரும். மாசத்துக்கு ஒரு செ.மீ., இல்லைன்னா அதைவிடக் கொஞ்சம் கூட. வருஷத்துக்கு சுமார் 12-லேர்ந்து 15 செ.மீ., அதாவது கிட்டத்தட்ட அரை அடி. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

அப்போ ஒரு வாரத்துக்கு எவ்வளவு? இரண்டரை மில்லிமீட்டர். டேப்பை வச்சு நான் அளக்கும்போது வர்ற பிழை எவ்வளவு? ஒரு செ.மீ.க்கு மேல. பிழை வளர்ச்சியை விட நாலு மடங்கு பெருசு! இந்தக் கணக்குல வாரா வாரம் அளந்தா ஒரு வாரம் சந்தோஷம், ஒரு வாரம் அழுகை, ரெண்டுமே பொய். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளந்தா வளர்ச்சி 3 செ.மீ.க்கு மேல இருக்கும். அப்போதான் பிழையைத் தாண்டி நிஜம் தெரியும்.

இந்த ஒரு கணக்கு தெரிஞ்சதால எனக்குப் பணமும் மிச்சமாச்சு. "15 நாளில் 2 இன்ச்" அப்படின்னு ஒரு விளம்பரம் இன்ஸ்டாவுல என்னைத் துரத்திக்கிட்டே இருந்தது. கார்ட்ல கூடப் போட்டு வச்சிருந்தேன். 15 நாள்ல முடி வளர்றது அஞ்சு மில்லிமீட்டர் சொச்சம். 2 இன்ச்னா 50 மில்லிமீட்டர். பத்து மடங்கு. அப்புறம் அந்த 'முன்', 'பின்' போட்டோவைத் திரும்பப் பார்த்தேன். முதல் படத்துல முடி அலை அலையா, கலைஞ்சு இருக்கு. ரெண்டாவதுல அயர்ன் பண்ணி நேரா இருக்கு. வளர்ந்தது ஒண்ணுமே இல்லை, நீட்டி விட்டிருக்காங்க.

அம்மாவோட நரை

சரி, என் குடும்பத்துல நிஜமாவே எவ்வளவு வேகத்துல வளருது? இதுக்கு நல்ல கருவி அம்மா தலையிலேயே இருந்தது. போகிக்கு முந்தின நாள் டை அடிச்சாங்க. சரியா ஒரு மாசம் கழிச்சு ஊருக்குப் போனேன். வகிட்டுல வெள்ளையா தெரியுற பகுதி மொத்தமும் அந்த ஒரு மாசத்துல வளர்ந்தது. ஸ்டீல் ஸ்கேலைத் தோலோட ஒட்டி வச்சு மூணு இடத்துல அளந்தேன். 10, 11, 11 மில்லிமீட்டர். "என் நரையை அளக்க சென்னையில இருந்து வந்தியா?"ன்னு அம்மா திட்டினாங்க. ஆனா வீட்டுல செய்யக்கூடிய அளவுகள்ல இதுதான் ரொம்பத் துல்லியமானது. ஏன்னா இது வேர்ல இருந்து அளக்கறது. நுனி உடையறது, டிரிம் பண்றது எதுவும் இதைப் பாதிக்காது. நீங்க டையோ கலரோ போடுறவங்கன்னா, போட்ட தேதியை மட்டும் குறிச்சு வச்சுக்கங்க.

இன்னொரு நல்ல கருவி மொட்டை. என் தம்பி அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில மொட்டை போட்டான். தேதி தெரியும், தொடக்க நீளம் பூஜ்யம். மூணு மாசம் கழிச்சு உச்சந்தலையில அளந்தா மூணரை செ.மீ. "உனக்கு வேற வேலையே இல்லையாக்கா?"ன்னான்.

மொட்டைன்னு சொன்னதும் எங்க ஆயா சொல்றது ஞாபகம் வருது: "மொட்டை போட்டா மொத்தமா வளரும்." 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர்னு ஒரு அமெரிக்க உடற்கூறு நிபுணர் இதைச் சோதிச்சுப் பார்த்துட்டாங்க. மழிக்கறதால முடியோட தடிமனும் மாறல, வேகமும் மாறல. வெட்டுப்படாத முடியோட நுனி ஊசி மாதிரி மெலிஞ்சிருக்கும், மழிச்ச பிறகு வர்றது மொட்டை நுனி. தடவினா சொரசொரன்னு இருக்கும், அதான் தடிமனா தோணுது.

டை இல்லை, மொட்டையும் இல்லைன்னா?

என்னை மாதிரி ஆளுங்களுக்கு இதோ முறை. அப்பாவும் நானும் சேர்ந்து முடிவு பண்ணது.

ஒரே இடம்: மொத்த முடியையும் அளக்காதீங்க. மூக்குக்கு நேர் மேல, முன்நெற்றியில முடி தொடங்குற இடத்துல ஒரு சின்னக் கத்தை. உச்சியில ஒண்ணு, பின்கழுத்துக்கு மேல ஒண்ணு. இந்த மூணு இடம் போதும்.

ஒரே நிலை: தலைக்குக் குளிச்ச மறுநாள், நல்லா காஞ்ச பிறகு, எண்ணெய் இல்லாம, சிக்கெடுத்துட்டு.

ஒரே இழுப்பு: சுருள் நிமிர்ற அளவுக்கு இழுத்தா போதும், தோல் இழுபடக் கூடாது.

ஒரே டேப்: துணி டேப் நாள்பட நீளும், ஸ்டீல் ஸ்கேலோட வச்சுச் சரிபார்த்துக்கங்க. பிளாஸ்டிக் ஸ்கேல்ல பூஜ்யம் விளிம்புல இருக்காது, கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். அந்த இடைவெளியே உங்க ரெண்டு வார வளர்ச்சி.

ஒரே ஆள்: முடிஞ்சா வேற ஒருத்தரை அளக்கச் சொல்லுங்க, எப்பவும் அவரையே. ஒவ்வொரு இடத்துலயும் மூணு தடவை அளந்து நடு எண்ணை எடுங்க. அரை செ.மீ. வித்தியாசத்தைக் கண்டுக்காதீங்க.

டிரிம் பண்ணா எவ்வளவு வெட்டினாங்கன்னு எழுதுங்க. வேர்ல வளர்ந்துக்கிட்டே நுனியில உடைஞ்சுக்கிட்டே இருந்தா நீளம் அப்படியே நிக்கும். "எனக்கு முடியே வளரல"ன்னு சொல்றவங்கள்ல பல பேருக்கு முடி வளருது, நுனியில போயிடுது.

வகிட்டை மூணு மாசத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுங்க. அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரம். பக்கத்துல ஸ்கேல் வச்சுக்கங்க. எண்ணெய் தலையில எடுத்தா முடி ஒட்டிக்கிட்டு, தோல் அதிகமா தெரிஞ்சு பயமுறுத்தும்.

நீளத்துக்குக் காரணம் வேகம் இல்லை

இதையும் தெரிஞ்சுக்கங்க. ஒவ்வொரு முடியும் சுமார் 2-லேர்ந்து 6 வருஷம் வளரும், சில வாரம் நிக்கும், அப்புறம் மூணு மாசம் போல ஓய்வெடுத்துட்டு விழும். மூணு வருஷம் வளர்ற முடி 45 செ.மீ.யில நின்னுடும், ஆறு வருஷம் வளர்றது 90 போகும். வேகம் ஒண்ணுதான், காலம்தான் வேற. உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ஸ்மிதா ஸ்ரீவாஸ்தவா 2023-ல 236.22 செ.மீ. முடியோட கின்னஸ் சாதனை படைச்சாங்க. வருஷத்துக்கு 15 செ.மீ.ன்னு கணக்குப் போட்டா, அந்த முடி பதினஞ்சு வருஷத்துக்கு மேல விழாம வளர்ந்திருக்கணும். அந்த வரம் பெரும்பாலும் பிறப்புல வர்றது.

டாக்டர் கேட்ட கேள்வி

பிப்ரவரியில ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். என் நாலு வார அட்டவணையைப் பெருமையா நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "ஜுரம் எப்போ வந்தது? கொட்ட ஆரம்பிச்சது எப்போ? வட்டமா எங்கயாவது சொட்டை இருக்கா?" அவ்வளவுதான் கேட்டார். ஜுரம் அக்டோபர், கொட்டல் ஜனவரி. அவருக்கு அதுவே பாதி விடை. பெரிய காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் மாதிரி உடம்பு அடிவாங்கினா நிறைய முடி ஒரே நேரத்துல ஓய்வுக்குப் போயிடும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு எல்லாம் ஒண்ணா விழும். ரத்தத்துல இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்தார். என் வேர்கள் உயிரோடதான் இருக்குன்னு சொன்னார். அன்னைக்கு எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

எண்றதைப் பத்தியும் சொல்லிடறேன். தினம் 50-லேர்ந்து 100 முடி விழறது சாதாரணம். ரெண்டு நாள் தலை குளிக்காம இருந்தா மூணாம் நாள் மூணு நாளுக்கானது சேர்ந்து விழும். எண்ணியே ஆகணும்னா ஒரு வாரம் மொத்தமா எண்ணி ஏழால வகுங்க, அத்தோட நிறுத்திக்கங்க. விழுந்த முடியோட ஒரு முனையில வெள்ளையா சின்னக் குமிழ் இருந்தா "வேரே வந்துடுச்சு"ன்னு பயப்படாதீங்க. ஓய்வு முடிஞ்சு விழற முடி அப்படித்தான் இருக்கும். வேர்ப்பை உள்ளேயே இருக்கு.

ஆனா வட்ட வட்டமா சொட்டை, தலையில அரிப்பு, புண், மாசா மாசம் அகலமாகுற வகிடு, ஆறு மாசத்துக்கு மேல நிக்காத கொட்டல், இதுல எது இருந்தாலும் டேப்பைக் கீழ வச்சுட்டு டாக்டரைப் பாருங்க. அப்போ உங்ககிட்ட இருக்கற தேதியும் போட்டோவும்தான் அவருக்கு உதவும்.

சித்திரை ஒண்ணாம் தேதி ஊர்ல கண்ணாடி பார்த்தப்போ, நெத்தி ஓரத்துல குட்டி குட்டியா முடி நட்டுக்கிட்டு நின்னுச்சு. வாரினாலும் அடங்கல. முதல்ல உடைஞ்ச முடின்னு நினைச்சேன். அப்பா பூதக்கண்ணாடி எடுத்துட்டு வந்து வெளிச்சத்துல பார்த்தார். "நுனி கூர்மையா இருக்கு. உடைஞ்சதுன்னா இப்படி இருக்காது. புதுசு." ஸ்கேல் வச்சோம், ரெண்டு செ.மீ. ஜூன் கடைசியில அதே இடம், அதே ஸ்கேல், நாலரை. கணக்கு சரியா வந்தது.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் அளக்கறேன். நடுவுல மறந்தே போயிடுது. அடுத்த பொங்கலுக்கு ஹேர்பின் நின்னுச்சு. அம்மா அப்பவும் ஒண்ணும் சொல்லல, பூவை மட்டும் கொஞ்சம் நீளமா கிள்ளினாங்க.

உங்க வீட்டுல யாருக்கு டை தேதி வருதோ, அவங்க தலையில ஒரு மாசம் கழிச்சு அளந்து எனக்கு எழுதுங்க. திட்டு வாங்கினா அதையும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.