வங்கியின் புகை எங்கே?

சிலிம் ரிவரில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர் ஒருவர் புது லோரிக்குக் கடன் கேட்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம், நேயர்களே. இதுவரை வருமானக் கணக்கைக் கேட்ட வங்கி, இனி லோரி எவ்வளவு டீசல் குடிக்கிறது என்றும் கேட்கலாம்.

2005-இல் எச்எஸ்பிசி, பெரிய வங்கிகளில் முதலாவதாகக் கரிமச் சமநிலை அடைந்ததாக அறிவித்தது. அதாவது, தன் கட்டடங்களின் மின்சாரத்தாலும் ஊழியர்களின் பயணத்தாலும் வெளியாகும் கரியமில வாயுவுக்கு ஈடாக, அதை வேறிடங்களில் குறைக்கும் திட்டங்களுக்குப் பணம் கொடுத்தது. நல்ல விளம்பரம்தான். ஆனால், வங்கியின் புகை கட்டடத்திலா இருக்கிறது? கொடுக்கும் கடனில் அல்லவா இருக்கிறது! நிதி நிறுவனங்கள் கொடுக்கும் பணத்தால் உண்டாகும் புகை, அவற்றின் சொந்தப் புகையைவிடச் சராசரியாக 700 மடங்குக்கும் அதிகம் என்று 2021-இல் சிடிபி அமைப்பு கணக்கிட்டது.

நம் நாட்டிலும் 2040-க்குள் நிலக்கரியிலிருந்து விலகுவதாகச் சிஐஎம்பி 2020-இல் அறிவித்தது. கடன்களைப் பருவநிலை நோக்கில் வகைப்படுத்தும் வழிகாட்டியை 2021 ஏப்ரலில் பேங்க் நெகாரா வெளியிட்டது.

பெரிய நிறுவனத்தில் இதற்கு அறிக்கை எழுத ஆள் உண்டு. ஒற்றை லோரி வைத்திருப்பவருக்கு யார் எழுதித் தருவார்? சிறு, நடுத்தரத் தொழில்கள் புகையைக் குறைக்க 2022-இல் பேங்க் நெகாரா தனி நிதி ஒதுக்கியது. அத்தகைய கடன் தங்களுக்குக் கிடைக்குமா, வட்டி எவ்வளவு என்று கையெழுத்திடும் முன்பே கிளையில் கேட்டுவிடுங்கள்.