பிள்ளை அடகுப் பொருள் அன்று
(வெள்ளி விழா அரங்கில் ஆற்றிய நினைவுரை)

 

மறைந்த எங்கள் அத்தையாரைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் எங்களைப் பணித்தனர். அவருடைய அன்பிலும் கண்டிப்பிலும் வளர்ந்த உடன்பிறப்புகள் நால்வரின் சார்பில் இவ்வுரை அமைகிறது. அந்நாளைய வடஆர்க்காடு மாவட்டத்தில், குடியாத்தம் வட்டாரத்தில், ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆசிரியையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் பணியாற்றினார். பாடம் நடத்தியது அவர் பணியில் பாதி. பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடிச் சென்றது மறுபாதி.

அவ்வட்டாரத்தில் பீடித் தொழிலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். முறத்தை மடியில் ஏந்திப் பெண்கள் பீடி சுற்றுவர். சுற்றிய பீடியின் முனையை மடிக்கவும் நூல் கட்டவும் சிறு விரல்களே ஏற்றவை என்பர். திருமணச் செலவுக்கோ மருத்துவச் செலவுக்கோ சில நூறு ரூபாய் முன்பணம் பெற்றுக்கொண்டு, ஏழெட்டு வயதுப் பிள்ளையை முகவரிடம் விட்டுவிடும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. முழுப் பணத்தையும் ஒரே தவணையில் திருப்பித் தரும்வரை பிள்ளை மீளாது. அது பெறும் சொற்பக் கூலியால் முதல் ஒரு காசும் குறையாது.

சட்டம் இல்லையா? இருந்தது. பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தனர். அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு ஆக்கிய அரசியல் சட்டம், 23-ஆம் பிரிவில் கட்டாய உழைப்பைத் தடுத்தது. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலில் சிறுவரை அமர்த்தலாகாது என்றது. ஆயினும் குடும்பத்தார் துணையோடு நடைபெறும் பட்டறைக்கு அதுவே விலக்கும் அளித்தது. ஆக, சட்டம் வாயிற்படி வரை வந்து நின்றுவிட்டது. அத்தையாரோ வாயிற்படியைக் கடந்து உள்ளே சென்றார்.

அவர் முதன்முதலில் கடந்தது எங்கள் வீட்டு வாயிற்படியைத்தான். 1976 சட்டம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பாட்டியாரின் மருத்துவத்துக்காக எங்கள் தந்தையார் முன்னூறு ரூபாய் பெற்று, எங்களுள் மூத்தவரை ஒன்பதாம் வயதில் முகவரிடம் விட்டிருந்தார். செய்தி எட்டிய அன்று மாலையே அத்தையார் வந்தார். காதுத் தோட்டைக் கழற்றி விற்று மீட்பார் என்று எல்லோரும் எண்ணினர். அவர் அவ்வாறு செய்யவில்லை.

"அண்ணா, பணத்தைக் கொடுத்துப் பிள்ளையை மீட்டால், பிள்ளைக்கு விலை உண்டு என்று நாமே ஒப்புக்கொண்டவர் ஆவோம். கடன் வேறு, பிள்ளை வேறு. பிள்ளை இன்றே வீட்டுக்கு வரட்டும்" என்றார்.

தந்தையாரையும் உடனழைத்துக்கொண்டு முகவர் வீட்டுக்குச் சென்றார், சட்டத்தை எடுத்துரைத்தார். இரவு விளக்கேற்றிய பின், புகையிலைத் தூள் படிந்த சட்டையோடு அண்ணன் வீடு திரும்பினார். மறுநாள் காலை வகுப்பில் அமர்ந்திருந்தார். அத்தகைய கடனே செல்லாது என்பது சட்டம். எனினும் நாளை ஓர் அவசரத்துக்கு அதே வாசலில் நிற்க வேண்டியவர்கள் நாம் என்பதை அத்தையார் அறிவார். மாதந்தோறும் தம் ஊதியத்தில் ஒரு பகுதியைத் தந்தையார் கையில் கொடுத்து, அவரே சென்று செலுத்துமாறு செய்தார். அண்ணனின் மானத்தையும் காத்தார்.

தந்தையாரைப் பழிப்பதற்காக இதனை இங்கே கூறவில்லை. வறுமையும் சாதியும் சேர்ந்து நெருக்கிய கையே அன்று பிள்ளையை நீட்டியது. ஆனால் நீட்டியது நம் கை என்பதையும் மறைத்தல் ஆகாது. அதனாற்றான் அத்தையார் ஊராரைக் கேட்குமுன் தம் அண்ணனைக் கேட்டார். அதன் பின்னரே பிற வீடுகளில் அவர் சொல் எடுபட்டது.

எல்லாப் பிள்ளைகளையும் அவரால் மீட்க முடியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு சிறுமியைத் தேடிப் பலமுறை அலைந்தார். குடும்பமே ஊரைவிட்டுப் போயிருந்தது. அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க அவருக்கு மனம் வரவில்லை. முதுமையிலும் அப்பெயரைச் சொல்லிக் கண் கலங்குவார்.

இளைஞர்களே! கல்வி அடிப்படை உரிமை என்று 2002-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 2009-இல் கட்டாயக் கல்விச் சட்டம் பிறந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்கிறது. ஆயினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்குத் துணை செய்யலாம் என்று அந்தப் பழைய வாயிற்படியை இன்னும் விட்டுவைத்திருக்கிறது. அடகும் உருமாறி வருகிறது: பெற்றோரோடு செங்கற்சூளைக்குப் போகும் சிறுவனாக, திருமணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி நூற்பாலைக்கு அழைத்துச் செல்லப்படும் பெண்ணாக.

ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றே. கழகத்தில் படித்து உயர்ந்த ஒவ்வொருவரும் ஒரு தெருவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அத்தெருவில் எந்தப் பிள்ளை வரவில்லை என்று வீடேறிக் கேளுங்கள். தேவையெனில் 1098 என்னும் எண்ணை அழையுங்கள். முதற் கேள்வியை உங்கள் உறவினர் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். அத்தையாருக்கு நாம் எழுப்பத்தக்க நினைவுச் சின்னம் அதுவே.