கடல்மேல் பந்தி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் நாட்டியமும் இடம்பெறுவது நம் மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ உணவு. அதிலும், நடுக்கடலில் கப்பலுக்குள் கிடைக்கும் உணவு. விழா மேடைக்கு இது ஏற்ற பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் சென்ற சில ஆண்டுகளாக நம் காலனியில் மாலை வேளைகளில் நால்வர் கூடினால் எழும் பேச்சுகளுள் இதுவும் ஒன்று என்பதை யாவரும் அறிவர்.

2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் கார்டெலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் மும்பையிலிருந்து புறப்படத் தொடங்கியது. 2022 ஜூனில் அதே கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் பயணம் மேற்கொண்டது. அதுவரை செல்வர்க்கே உரியது என்று நாம் கருதியிருந்த கடலுலா, மாதச் சம்பளக் குடும்பங்களும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்றாயிற்று. பிள்ளைகள் ஆவலோடு கேட்கிறார்கள். பெற்றோர் கணக்குப் பார்க்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ, “நீங்கள் போய் வாருங்கள், எங்களுக்கு அங்கே சாப்பாடு ஒத்துவராது” என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். உணவைப் பற்றிய ஐயம் ஒன்றினாலேயே ஒரு பாட்டியார் பேரக்குழந்தைகளோடு சேர்ந்து கடலைக் காணும் வாய்ப்பை இழப்பாரெனில், அந்த ஐயத்தைத் தீர்ப்பது சங்கத்தின் கடமையே அன்றோ? ஆகவேதான் இப்பொருளை மேடைக்குக் கொண்டுவந்தோம்.

முதலில் சிறிது வரலாறு. ஒரு காலத்தில் கப்பற் பயணம் இன்பச் செலவாக இருந்ததில்லை. பிழைப்பைத் தேடிச் செல்லும் வழியாகவே இருந்தது. நம் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற கப்பல்களில் பெரும்பாலோர் தளப் பயணிகளே. 1926-இல் கட்டப்பட்டுச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நெடுங்காலம் ஓடிய ‘ரஜூலா’ என்னும் கப்பலை நம் பெரியவர்கள் சிலர் இன்றும் நினைவு கூர்வர். அக்காலக் கப்பல்களில் படுக்கும் இடத்தைப் போலவே உண்ணும் இடமும் வகுப்புக்கேற்பப் பிரிந்திருந்தது. எந்த வகுப்புச் சீட்டோ அந்த வகுப்புச் சோறு.

இன்பத்திற்காகவே கப்பலேறும் வழக்கத்தைப் பெரிய அளவில் தொடங்கியவர் ஜெர்மனியின் ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் அட்லாண்டிக் பயணிகள் குறைந்து கப்பல் வீணே நிற்பதைக் கண்ட அவர், 1891 ஜனவரியில் ‘அகஸ்டா விக்டோரியா’வை மத்தியதரைக் கடல் உலாவுக்கு அனுப்பினார். அவர் பணியாற்றிய நிறுவனமே 1905-இல் ‘அமெரிக்கா’ என்னும் கப்பலில் ரிட்ஸ்–கார்ல்ட்டன் பெயரால் ஒரு தனி உணவுச்சாலையை அமைத்தது. சீட்டுக் கட்டணத்தில் அடங்கிய உணவு ஒருபுறமிருக்க, வேண்டுவோர் தனிப் பணம் கொடுத்து விரும்பியதை வரவழைத்து உண்ணலாம் என்னும் ஏற்பாடு கடலில் அப்போதுதான் வேரூன்றியது. இன்று கப்பல்களில் காணும் பலவகை உணவுச்சாலைகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. 2024-இல் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்னும் பெருங்கப்பலில் உண்பதற்கான இடங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை என்றால் வளர்ச்சியின் அளவை நீங்களே கண்டுகொள்ளலாம்.

இனி, நம் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளுக்கு வருவோம். அவை மூன்று: நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்குமா? தனியாகப் பணம் கேட்பார்களா? நமக்கு ஏற்ற உணவு இருக்குமா?

முதற் கேள்விக்கு விடை எளிது. பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் ஒரு பெரிய உணவு மண்டபமும், தாமே எடுத்து உண்ணும் பஃபே கூடமும் உண்டு. மண்டபத்தில் இரவு உணவுக்கு நம் திருமண வீட்டுப் பந்தியைப் போன்றே முறை வைத்திருப்பார்கள். முதற்பந்தி மாலை ஆறு மணியை ஒட்டியும், இரண்டாம் பந்தி எட்டு அல்லது எட்டரை மணியை ஒட்டியும் அமையும். நாள்தோறும் அதே மேசை, பரிமாறுவோரும் அவரே. 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் நிறுவனம் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தி, விரும்பிய நேரத்தில் விரும்பியவரோடு உண்ணலாம் என்னும் முறையைக் கொண்டுவந்தது. பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. இப்போது பல கப்பல்களில் இரண்டு முறைகளும் உண்டு. சீட்டு வாங்கும்போதே ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நீரிழிவுக்கு மருந்து உண்போரும், ஏழு மணிக்குள் உண்டு பழகிய பெரியோரும், சிறு குழந்தைகள் உள்ள வீட்டாரும் முதற்பந்தியைக் கேட்டுப் பெறுவதே நன்று. கப்பலேறும் நாளில் பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடுவதும் உண்டு. ஆதலால் மருந்துகளையும் அன்று குழந்தைகளுக்கு வேண்டியவற்றையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

பஃபே கூடம் நாளின் பெரும்பகுதி திறந்திருக்கும். அங்கே அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை என்பதே அதன் சிறப்பு, குறையும் அதுவே. வள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில் பெரிதும் பேசியது உணவின் அளவைப் பற்றித்தான் என்பதை இங்கே நினைவூட்டினால் போதும். கப்பல் அசையும்போது நிறைந்த வயிறும் துன்பம், வெறும் வயிறும் துன்பம். எண்ணெய் குறைந்த எளிய உணவைச் சிறிது சிறிதாக உண்பதே தக்கது.

இரண்டாவது கேள்வி பணத்தைப் பற்றியது. மண்டபத்திலும் பஃபே கூடத்திலும் உண்பதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. அது சீட்டின் விலையிலேயே அடங்கும். மண்டபத்தில் சூப், முதன்மை உணவு, இனிப்பு என்று வரிசையாகப் பரிமாறுவர். ஒன்று பிடிக்கவில்லையெனில் மற்றொன்றைக் கேட்கலாம், அதற்கும் பணமில்லை. ஆனால் சிறப்பு உணவுச்சாலைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. மதுவகைகளோடு, புட்டியில் அடைத்த குளிர்பானம், சிறப்புக் காப்பி போன்றவற்றுக்கும் பல கப்பல்களில் விலை உண்டு. பணியாளர்க்கான சேவைத் தொகையை நாள் கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று சேர்க்கும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. கப்பலில் ரொக்கம் கைமாறுவதில்லை. அறை அட்டையைக் காட்டினால் கணக்கில் ஏறிவிடும். ஆதலால் பிள்ளைகளிடம் அட்டையைக் கொடுக்குமுன் எது சீட்டில் அடங்கும், எது அடங்காது என்பதைச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். ஒவ்வோர் இரவும் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வதும் வேண்டும்.

மூன்றாவது கேள்வியே பெரியது. 1888 செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ‘கிளைடு’ என்னும் கப்பலில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அவர் மோகன்தாஸ் காந்தி. புலால் உண்பதில்லை என்று தாய்க்கு வாக்களித்திருந்தார். உணவுப் பட்டியலில் புலால் கலவாதது எது என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. கத்தியும் முட்கரண்டியும் பிடிக்கத் தெரியாத கூச்சம் வேறு. ஆகவே மேசைக்குச் செல்லாமல், கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலேயே பெரும்பாலும் உண்டு காலம் கழித்தார். இதனை அவரே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னாளில் ஒரு பேரரசையே கேள்வி கேட்டவருக்கு, அன்று ஒரு பரிமாறுபவரைக் கேள்வி கேட்க நா எழவில்லை. நம் பெரியவர்களின் தயக்கமும் இத்தகையதே. ஆகவே அவர்களைக் கேலி செய்வது தகாது. அவர்களுக்காக நாம் முன்னின்று கேட்பதே தகும்.

எப்படிக் கேட்பது? இந்தியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் கப்பல்களில் கவலை குறைவு. எம்பிரஸ் கப்பல் இந்தியப் பயணிகளை எண்ணியே, சைவ உணவோடு வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகள் சேராத ஜைன உணவும் தருவதாக அறிவித்துத்தான் பயணத்தைத் தொடங்கியது. அயல்நாட்டுக் கப்பலெனில் சீட்டு வாங்கும்போதே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ‘வெஜிடேரியன்’ என்னும் ஒரு சொல் மட்டும் போதாது. அவர்கள் வழக்கில் முட்டை அதற்குள் அடங்கக்கூடும். காய்கறிச் சூப்பில் இறைச்சி வேகவைத்த நீரும், கீழை நாட்டுப் பொரியலில் மீன் சாறும், குலுங்கும் இனிப்பில் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டினும் இருக்கக்கூடும். எவை எவை ஆகாவென்று பெயர் சொல்லியே குறிப்பிட வேண்டும். கப்பலேறிய முதல் நாளே மண்டபத்தின் தலைமைப் பரிமாறுபவரைக் கண்டு பேச வேண்டும். சிறப்பு உணவு கேட்போரிடம் மறுநாள் பட்டியலை முதல் நாள் இரவே காட்டி, வேண்டியதைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. வேர்க்கடலை போன்றவை உடலுக்கு ஒவ்வாதவர்கள் இதை ஒருபோதும் விட்டுவிடலாகாது. அது சுவையைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது.

“ஒரு சிறு அடுப்பும் அரிசியும் கொண்டுபோனால் என்ன?” என்று கேட்கும் தாய்மார்களும் உண்டு. அது நடவாது. கப்பலில் தீயைப்போல் அஞ்சத்தக்க பகை வேறில்லை. சமையற்கூடத்திலேயே பெரும்பாலும் மின்னடுப்புகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். பயணிகள் கொண்டுவரும் அடுப்பு, சூடேற்றும் கம்பி, சோறு வடிக்கும் மின்கலம் முதலியவற்றை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் சமைத்த உணவையும் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. கடையில் வாங்கிய, முத்திரை பிரியாத பொடியோ ஊறுகாயோ கொண்டு செல்லலாமா என்பதை அந்தந்தக் கப்பலின் விதிகளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சமையற்கூடத்தைப் பற்றியும் சில சொற்கள். குளிர்ந்த உணவை 5 டிகிரி செல்சியசுக்கு மேற்படாமலும், சூடான உணவை 57 டிகிரிக்குக் குறையாமலும் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் துறைமுகங்களுக்குச் செல்லும் கப்பல்களுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் வகுத்த விதி. முன்னறிவிப்பின்றி வந்து சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் இடுவர். 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. குடிநீரின் பெரும்பகுதி கடல்நீரிலிருந்தே உப்பு நீக்கிப் பெறப்படுகிறது. இத்தனை காவலிருந்தும், நோரோ என்னும் நுண்ணுயிரால் வயிற்றுநோய் கப்பலுக்குள் விரைந்து பரவுவது உண்டு. அதற்குக் கைகளில் தடவும் மருந்து நீரை மட்டும் நம்பலாகாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவுவதே சிறந்த காப்பு. உண்ணுமுன் கை கழுவுவது நம் வீட்டுப் பழக்கம். அதைக் கப்பலில் மறந்துவிட வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

எஞ்சிய உணவு என்னாகிறது? மார்போல் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின்படி, அரைக்காத உணவுக் கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பாலும், 25 மில்லிமீட்டருக்குள் அரைத்ததை 3 கடல் மைலுக்கு அப்பாலும், ஓடும் கப்பலிலிருந்துதான் கடலில் விடலாம். சில கடற்பகுதிகளுக்கு விதி இன்னும் கடுமையானது. நாம் தட்டில் வைத்து ஒதுக்கும் ஒவ்வொரு கவளமும் ஒன்று கடலுக்குப் போகிறது, அல்லது எரியுலைக்குப் போகிறது. சோற்றை வீணாக்குதல் பழி என்று நம் பாட்டிமார் சொன்னது தரைக்கு மட்டுமன்று, கடலுக்கும் பொருந்தும்.

இறுதியாக ஒன்று. அந்த மேசையருகே தட்டேந்தி நிற்பவர் யார்? பிலிப்பைன்சிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ நம் கோவாவிலிருந்தோ வந்தவராக அவர் இருக்கலாம். ஆறு மாதம், எட்டு மாதம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் குழந்தைகளைப் பிரிந்து வந்து, வாரம் ஏழு நாளும் உழைப்பவர் அவர். பிழைப்பைத் தேடிப் பிறந்த ஊரைவிட்டு வந்த நமக்கு அந்த நிலை புதிதன்று. நம்முள் எத்தனை பேர் இந்நகருக்கு வந்த முதல் ஆண்டில் அயலார் மேசையில் பழகாத உணவை உண்டு, வீட்டுக்குக் கடிதத்தில் “நன்றாகச் சாப்பிடுகிறேன்” என்று எழுதியிருக்கிறோம்! ஆகவே அவர் பெயரைக் கேட்டறிந்து, பெயர் சொல்லி அழைத்து, நன்றி கூறி உண்பதுதான் நமக்கு அழகு. வேண்டியதைத் துணிந்து கேட்பதும், கொடுத்தவரை மதித்து நடப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

அன்பர்களே! அடுத்த விடுமுறையில் நம் குடும்பங்கள் சில சேர்ந்து கடலுலாச் செல்லக் கருதியிருப்பதாக அறிகிறோம். செல்வோர் பெரியவர்களை வீட்டில் விட்டுச் செல்லாதிருப்பாராக. யார் எதை உண்பார், எதை உண்ணார் என்று ஒரு தாளில் எழுதி, சங்கத்தின் பெயரால் சேர்த்தே நிறுவனத்துக்கு அனுப்பலாம். ஒருவர் கேட்பதைவிடப் பத்துக் குடும்பங்கள் கேட்பது வலிமையுடையது. முதற்பந்தியில் அடுத்தடுத்த மேசைகளைக் கேட்டுப் பெற்று, தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒருங்கே அமர்ந்து உண்ணுங்கள். சன்னலுக்கு வெளியே கடல் இருக்கும். உள்ளே நம் பந்தி இருக்கும்.