சாக்கடை வாயுவும் எச்.ஐ.வி.யும்

ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் நச்சுவாயு. மூடிக் கிடந்த சாக்கடைத் தொட்டிக்குள் இறங்குபவர்களைச் சில நிமிடங்களில் சாய்த்துவிடக்கூடியது. அதே வாயுவை மனித உடலின் செல்களும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து மிகச் சிறிதளவு தயாரித்துக்கொள்கின்றன.

உடலுக்குள் ஒரு வாயு சேதி சொல்ல முடியும் என்பது முதலில் நைட்ரிக் ஆக்சைடால் தெளிவானது. நோய் எதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள் அதை உற்பத்தி செய்வது 1980-களில் தெரியவந்தது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் அதன் வேலையைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர். ஹைட்ரஜன் சல்பைடு மூளையின் நரம்புச் செயல்பாட்டை மாற்றுவதாக ஜப்பானின் அபே, கிமுரா இருவரும் 1996-இல் அறிவித்தனர்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் சென்னையில் சுனிதி சாலமன் குழுவால் முதன்முதலில் கண்டறியப்பட்டது. இன்றைய கூட்டு மருந்துகள் வைரஸை அடக்குகின்றன, ஒழிப்பதில்லை. சி.டி.4 என்னும் நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் உறங்கும் வைரஸ், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் விழித்துக்கொள்கிறது.

அந்த உறக்கத்தில் ஹைட்ரஜன் சல்பைடுக்குப் பங்கு உண்டு என்று காட்டியது பெங்களூரு. அங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் அமித் சிங் குழு, பெங்களூரு மருத்துவக் கல்லூரியுடன் சேர்ந்து செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. வாயுவைத் தயாரிக்கும் சி.டி.எச். நொதியைக் குறைத்ததும் செல்லின் மைட்டோகாண்ட்ரியா தளர்ந்தது, வைரஸ் பெருகியது. வாயுவை மெதுவாக வெளியிடும் ஜி.ஒய்.ஒய்.4137 என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததும் வைரஸ் அடங்கியது. வைரஸ் மரபணுக்களை முடுக்கிவிடும் என்.எஃப்.-கப்பா பி தடுக்கப்பட்டது. ஆக்சிஜனேற்றச் சேதத்தைச் சமாளிக்கும் என்.ஆர்.எஃப்.2 பாதை வேலை செய்யத் தொடங்கியது. மருந்து எடுத்துக்கொள்ளும் தொற்றாளர்களின் சி.டி.4 செல்களிலும், ஆய்வுக்கூடத்தில், வைரஸ் மீள்வது தடைபட்டது.

காசநோயில் கதை தலைகீழ். எலிகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வுகளில், உடல் தயாரிக்கும் இந்த வாயு மேக்ரோஃபேஜ்களின் ஆற்றல் உற்பத்தியை முடக்கிக் காசநோய்க் கிருமிக்கே துணைபோனது. வாயுவைக் குறைவாகத் தயாரித்த எலிகள் அதிக நாள் உயிர் பிழைத்தன.

எச்.ஐ.வி.யும் காசநோயும் ஒருவரையே சேர்ந்து தாக்குவது இந்தியாவில் அரிதல்ல. எனவே இந்த வாயுவை மருந்தாக்க முனைபவர்கள், எவ்வளவு, எந்தச் செல்லுக்கு, எந்தக் கிருமிக்கு எதிராக என்ற மூன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.